கொடிவழி நூல்களில் இல்லாதவர்கள்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது தமிழில் வழங்கும் பழமொழி. ஆராய்ந்தால் மதிப்புக் குறையும் என்பது அதன் உட்கருத்து. அமெரிக்கக் குடும்பங்கள் இவ்வச்சத்தை அறியா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அந்நாட்டில் குடிமரபு தேடுதல் ஒரு பெரும் வேட்கையாகவே வளர்ந்து வந்திருக்கிறது. அவ்வாறு தேடுவோருள் தனிப் பெருமிதத்தோடு தலைநிமிர்ந்து நிற்போர், பிரான்சு நாட்டிலிருந்து சமயக் கொடுமை தாங்காது வெளியேறிய ஹியூகனோ மரபினர். அவர்களது பெருமிதத்திற்குக் காரணம் உண்டு. ஆனால் அப்பெருமிதத்தைப் பழங்காலத்தில் அச்சில் ஏற்றிய கொடிவழி நூல்கள் பாதி வரலாற்றையே கூறுகின்றன. மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டே மறைக்கின்றன. மூலத்தை முற்றும் ஆராய்ந்துவிட்டதாகப் பறைசாற்றிவிட்டு, வேண்டிய கிளையை மட்டும் தொட்டுக் காட்டும் தந்திரம் அது.

முதலில் வரலாற்றைச் சுருங்கக் காண்பது நன்று. சீர்திருத்தச் சமயத் தலைவர் கால்வினைப் பின்பற்றிய பிரெஞ்சுக் கிறித்தவர்களே ஹியூகனோக்கள். 1572 ஆகஸ்டுத் திங்களில் பாரிசு நகரத் தெருக்களில் அவர்கள் கொத்துக் கொத்தாக வெட்டி வீழ்த்தப்பட்டனர். 1598-இல் நான்காம் ஹென்றி மன்னன் நாந்த் கட்டளை வழியாக அவர்களுக்கு வழிபாட்டுரிமை வழங்கினான். அவன் பேரன் பதினான்காம் லூயி அவ்வுரிமையைத் துண்டு துண்டாக அரிந்தான். 1681 முதல் குதிரைப்படை வீரர்களை ஹியூகனோக்களின் வீடுகளிலேயே தங்கவைத்து, உண்டு, உடைத்து, அடித்து, மதம் மாறும் வரையில் வதைக்கும் முறை கையாளப்பட்டது. 1685 அக்டோபரில் கட்டளையே நீக்கப்பட்டது. குருமார்கள் இரு வாரத்தில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். மற்றையோர் வெளியேறவே கூடாது என்பது ஆணை. தப்பியோடுகையில் பிடிபட்ட ஆண்களுக்குத் தண்டனை துடுப்புக் கப்பல், பெண்களுக்குச் சிறை. அப்படியிருந்தும் ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் பேர் வரை எல்லை கடந்தனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. அவர்களுள் பெரும்பாலோர் ஒல்லாந்து, இங்கிலாந்து, செருமானியச் சிற்றரசுகள் ஆகிய இடங்களில் தங்கிவிட்டனர். அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஆங்கிலேயக் குடியேற்றங்களை அடைந்தவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரவரே. 1699-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பொன்றின்படி கரோலினாவில் வாழ்ந்த பிரெஞ்சுச் சீர்திருத்தச் சமயத்தார் 438 பேர். அவர்களுள் 195 பேர் சார்ல்ஸ்டன் நகரத்தினர்.

இத்துணைச் சிறிய கூட்டத்திலிருந்து கிளைத்ததாகச் சொல்லிக்கொள்வோரின் தொகையோ மிகப் பெரிது. குடும்பப் பெயரில் ஒரு பிரெஞ்சு எழுத்தொலி தட்டுப்பட்டால் போதும், அதற்கு ஒரு ஹியூகனோ முன்னோரைக் கற்பித்துவிடுவர். அவர் வெறும் ஹியூகனோவாக இருந்தாலும் போதாது. பிரபுவாகவும் இருத்தல் வேண்டும். பெயருக்கு முன்னால் 'த' என்னும் ஒட்டு இருந்தால் உயர்குடி என்பர். ஆனால் அவ்வொட்டு ஊரையோ நிலத்தையோ குறிக்கும் வெறும் வேற்றுமைச் சொல், உழவனுக்கும் உண்டு. கேடயச் சின்னம் இருந்தால் உயர்குடி என்பர். 1696-இல் பதினான்காம் லூயி போர்ச்செலவுக்குப் பணம் திரட்டுவதற்காகக் கேடயச் சின்னங்களைப் பதிவு செய்யுமாறு ஆணையிட்டு, பதிவு செய்யாத வணிகர், கைவினைஞர் தலையிலும் ஏதோ ஒரு சின்னத்தைக் கட்டிக் கட்டணம் வாங்கிய செய்தி இவர்களுக்குத் தெரியாது போலும்! வரி வாங்கிய சீட்டைப் பட்டயமாகக் கொண்டாடுவது அறியாமையா, ஆசையா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

உண்மைச் சான்றுகள் காட்டும் முன்னோர் யாவர்? 1697-இல் தென் கரோலினா சட்டமன்றம் அயல்நாட்டார்க்குக் குடியுரிமை வழங்கி ஒரு சட்டம் இயற்றியது. அதன் பயனைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்களின் பெயரோடு தொழிலும் குறிக்கப்பட்டது. நெசவாளர், பீப்பாய் செய்வோர், கொல்லர், வணிகர் என்று அப்பட்டியல் செல்கிறது. பாஸ்டன் நகரத்துப் புகழ்பெற்ற விடுதலை வீரர் பால் ரெவியரின் தந்தை அப்போலோ ரிவ்வார், தென்மேற்குப் பிரான்சில் 1702-இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கையிலேயே கெர்ன்சித் தீவில் வாழ்ந்த சிறிய தந்தையிடம் அனுப்பப்பட்டு, அங்கிருந்து பாஸ்டன் சென்று, ஜான் கோனி என்னும் பொற்கொல்லரிடம் கைத்தொழில் பயின்றார். ஆங்கிலேயர் நாவுக்கு எளிதாகட்டும் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். மகன் பால் ரெவியர் 1780-களில் பிரான்சிலும் கெர்ன்சியிலும் இருந்த உறவினரோடு கடிதம் எழுதிக் குடும்ப வரலாற்றைக் கேட்டறிந்தார். பட்டறைப் புகையில் வளர்ந்த அந்தக் கொடிவழியில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அதற்குப் பொய்ப் பட்டாடை எதற்கு?

குடிமரபு தேடும் முறையும் இவ்விடத்தில் கூறத்தக்கது. மாணவர்க்கு அது பயன்படும். தன்னிலிருந்து தொடங்கிப் பெற்றோர், பாட்டன், பூட்டன் எனச் சான்றோடு பின்னோக்கிச் செல்வதே நேர்வழி. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பிரபு ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவரிலிருந்து முன்னோக்கி இறங்கி வருவது கதை புனைவோர் வழி. சார்ல்ஸ்டனில் உள்ள இறுதி விருப்ப ஆவணங்கள், நில ஆவணங்கள், கோயில் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து இலண்டன் திரெட்னீடில் தெருப் பிரெஞ்சுக் கோயிலின் ஞானமுழுக்குப் பதிவுகளுக்கும், அங்கிருந்து பிரெஞ்சு நோட்டரிகளின் ஏடுகளுக்கும் செல்ல வேண்டும். இதில் ஒரு விந்தை உண்டு. நாடு கடந்தவர்களைப் பற்றிய சிறந்த சான்றுகள் பலவற்றை வைத்துச் சென்றவர்கள் அவர்களைத் துன்புறுத்தியவர்களே. மதம் மாறினோர் பட்டியல், ஓடிப்போனோர் பட்டியல், பறிமுதல் செய்த வீடு, வயல், பண்டங்களின் பட்டியல் எல்லாம் அரச அதிகாரிகளால் ஒழுங்காக எழுதப்பட்டுப் பாரிசில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அழிக்க எண்ணியவனின் கணக்குப்புத்தகமே அழியாத நினைவாயிற்று. இந்த விந்தையை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்ல வேண்டும். கடலுக்கு அப்பால் இதுவே வேறு உருவில் மீண்டும் தோன்றும்.

ஜூடித் ஜித்தோன் என்னும் பெண்ணின் வரலாறு ஹியூகனோ நூல்கள் அனைத்திற்கும் முடிமணி போன்றது. அவள் இலாங்கதோக் மாநிலத்து லா வூல்ட் என்னும் ஊரினள். அவள் தன் உடன்பிறந்தானுக்கு எழுதிய கடிதம் ஒன்று குடும்பத்தாரால் காக்கப்பட்டு, டேவிட் ராம்சே 1809-இல் வெளியிட்ட தென் கரோலினா வரலாற்று நூலில் இடம்பெற்றது. எட்டு மாத காலம் படைவீரர் வீட்டில் தங்கி இழைத்த கொடுமைகளைத் தாங்கிய குடும்பம், ஓரிரவு அவ்வீரர்கள் உறங்கிக்கொண்டிருக்கையில் தட்டுமுட்டுப் பொருள்களை அப்படியே போட்டுவிட்டு வெளியேறியது. ரோமான் என்னும் ஊரில் பத்து நாள் ஒளிந்திருந்தனர். தேடி வந்தவர்களிடம் வீட்டுக்காரி காட்டிக்கொடுக்கவில்லை. செருமனி, ஒல்லாந்து வழியாக இலண்டன் சேர்ந்து, கரோலினாக் கப்பலுக்குக் காத்திருந்தனர். கப்பலில் காய்ச்சல் கண்டு தாய் இறந்தாள். பெர்முடாத் தீவில் கப்பல் பறிமுதலாயிற்று. எஞ்சிய பணமும் கரைந்தது. வேறொரு கப்பல் பிடித்துக் கரோலினா வந்து சேர்ந்த பதினெட்டாம் மாதத்தில், கடும் உழைப்புக்குப் பழக்கப்படாத அண்ணனும் காய்ச்சலால் மாண்டான். ரொட்டியின் சுவையே அறியாமல் ஆறு மாதம் கழிந்ததையும், அடிமையைப்போல் மண்ணைக் கொத்தி உழைத்ததையும் அவள் எழுதுகிறாள். இவ்வளவையும் தாங்க வலிமை தந்த கடவுளுக்கு நன்றி கூறுகிறாள்.

கல்லும் கரையும் கடிதம் அது. அவளுடைய முதற் கணவர் நோவே ருவாயே ஒரு நெசவாளர். அவருக்குப் பின் 1699-இல் லா ரோஷேல் நகரத்துப் பியர் மானிகோவை மணந்தாள். விடுதி நடத்தி விருந்தினர்க்குச் சோறிட்டாள். கணவர் சாராயம் வடித்தல், பீப்பாய் செய்தல் ஆகிய தொழில்களில் பொருளீட்டினார். 1704-இல் மகன் கேப்ரியல் பிறந்தான். 1711-இல் ஜூடித் மறைந்தாள். கேப்ரியல் மானிகோ வளர்ந்து வட அமெரிக்காவின் மாபெருஞ் செல்வர்களுள் ஒருவரானார், மாநிலத்தின் பொருளாளராக இருந்தார், விடுதலைப் போரில் தென் கரோலினா அரசுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்தார், 1781-இல் இறந்தார். பழைய கொடிவழி நூல்கள் இவ்விடத்தில் பெருமூச்சு விட்டு, துன்பத்தை வென்ற திருக்கதை இது என்று எழுதி முடிக்கும்.

எழுதாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. கேப்ரியல் மானிகோ நூற்றுக்கணக்கான அடிமைகளின் உடைமையாளர்! அவருடைய நெல்வயல்களில் மண்ணைக் கொத்தியவர்கள் அடிமையைப்போல் உழைத்தவர்கள் அல்லர்; அடிமைகளாகவே உழைத்தவர்கள். தாயின் கடிதத்தில் உவமையாக இருந்த சொல் மகனின் கணக்கில் பொருளாக மாறிவிட்டது. இந்த ஒரு தலைமுறைத் தூரத்தைக் கடக்கும் துணிவு அந்நூலாசிரியர்களுக்கு இல்லை. மூவாயிரம் கல் தொலைவுள்ள கடலைக் கடந்து பிரான்சுக்குச் சென்று ஞானமுழுக்குப் பதிவைத் தேடியெடுக்கும் துணிவு மட்டும் இருந்தது.

தனிப்பட்ட ஒரு குடும்பத்தின் குற்றமாக இதை எண்ணிவிடலாகாது. ஆன்றே லாரன்ஸ் 1682-இல் பிரான்சை விட்டு ஓடிவந்த ஹியூகனோ. அவர் மகன் சேணம் தைப்பவர். பேரன் ஹென்றி லாரன்ஸ் 1777-78-இல் அமெரிக்கக் கண்டப் பேரவையின் தலைவராக வீற்றிருந்தவர். அவர் பங்காளியாக இருந்த வணிக நிலையம் 1750-களில் மட்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கரைச் சார்ல்ஸ்டனில் விற்றது. ஹென்றியின் மகன் ஜான் லாரன்ஸ் 1779-இல் அடிமைகளை விடுவித்து, படையணி அமைக்க வேண்டும் என்று போராடித் தோற்றார் என்பதையும் நேர்மையின் பொருட்டுச் சொல்லிவிட வேண்டும். வடக்கேயும் நிலைமை வேறன்று. பாஸ்டன் நகருக்கு 1742-இல் சந்தை மண்டபம் கட்டித் தந்த பீட்டர் பேனல், நியூ ரோஷேல் ஊரில் பிறந்த ஹியூகனோ. அவரது வாணிகத்தில் அடிமை வாணிகமும் ஒன்று. நியூயார்க் மாநிலத்து நியூ பால்ட்ஸ் ஊரை 1677-இல் பன்னிரு ஹியூகனோக் குடும்பத்தலைவர்கள் எசோப்பசுப் பழங்குடியாரிடமிருந்து கொப்பரைகளும் கோடரிகளும் துணிகளும் கொடுத்து வாங்கினர். அங்கு அவர்கள் கட்டிய கல்வீடுகள் இன்றும் காட்சிப் பொருள்கள். 1790-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அவ்வூரில் இருந்த அடிமைகள் முந்நூற்றுவர் அளவினர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அக்காலத்து அறவுணர்வு அவ்வளவுதான். இக்காலத்து அளவுகோலால் முன்னோரை அளப்பது முறையாகுமா என்பர். அளக்க வேண்டியது முன்னோரையன்று. அவர்களைப் பற்றி நூலெழுதியவர்களையே. அவர்கள் முன் கிடந்த ஆவணங்களைச் சற்றே எண்ணிப் பார்த்தால் போதும். ஓர் உடைமையாளர் இறந்தால் அவருடைய சொத்துப் பட்டியலில் மேசை, நாற்காலி, குதிரை, மாடு ஆகியவற்றோடு ஒவ்வோர் அடிமையின் பெயரும், பெயருக்கு எதிரே விலையும் எழுதப்பெறும். தாய் இன்னாள், அவள் கைக்குழந்தை இன்னது என்று சேர்த்து எழுதுவதும் உண்டு. கொடிவழி நூலாசிரியர் அதே கட்டை விரித்து வைத்து, வாரிசுகளின் பெயர்களைப் படியெடுத்துக்கொண்டு, அடுத்த தாளில் உள்ள பெயர்களைப் புரட்டிச் சென்றார். கண்ணில் படவில்லை என்று அவர் சொல்ல முடியாது. பிரெஞ்சு அரசனின் பறிமுதல் பட்டியலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்க்கு, தம் பாட்டனாரின் சொத்துப் பட்டியல் மட்டும் எவ்வாறு சுவையற்றுப் போயிற்று?

விடுபட்ட அப்பெயர்களின் விலை என்ன என்பதை அடிமைகளின் வழிவந்தோரைக் கேட்டால் தெரியும். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்க அடிமைக் கணக்கேடுகளில் உடைமையாளர் பெயரின்கீழ் வயதும் பாலும் நிறமுமே எழுதப்பட்டன. அடிமையின் பெயர் எழுதப்பெறவில்லை. உள்நாட்டுப் போரில் விடுதலை பெற்ற மக்கள் பெயரோடு கணக்கில் ஏறியது 1870-இல்தான். ஆகவே தம் குடிமரபைத் தேடும் கறுப்பினத்தவர் 1870 என்னும் சுவரில் முட்டி நிற்கின்றனர். ஹியூகனோ வழிவந்தவர்க்கோ நான்காம் ஹென்றி காலம் வரை கதவு திறந்திருக்கிறது. அச்சுவரில் ஒரு வாயில் அமையுமானால், அது உடைமையாளர் குடும்பத்தின் காகிதக் கட்டுகளில்தான் அமைய வேண்டும். அக்காகிதங்களைக் கையில் வைத்திருந்தவர் தமக்கு வேண்டிய பெயர்களை மட்டும் அச்சிட்டார் என்றால், பிறருடைய முன்னோரையும் அவர் கைக்குள் பூட்டி வைத்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். 1708-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தென் கரோலினாவில் வெள்ளையர் 4,080. கறுப்பின அடிமைகள் 4,100. செவ்விந்திய அடிமைகள் 1,400. ஜூடித் உயிரோடு இருக்கையிலேயே எழுதிய கணக்கு இது. அவளைச் சூழ்ந்து வாழ்ந்தோருள் பெரும்பாலோருக்குக் கொடிவழி நூலில் இடமில்லை.

நிலைமை இன்று சற்றே மாறி வருகிறது. நியூ பால்ட்ஸ் கல்வீடுகளைப் பராமரிப்போர் அடிமைகளைப் பற்றிய ஊர் ஆவணங்களையும் வெளியிடத் தொடங்கியுள்ளனர். ஆப்பிரிக்கரை இறக்கிய சார்ல்ஸ்டன் துறையொன்றின் மீது 2023-இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகத்தில் குடும்ப வரலாற்று நடுவமும் அமைந்துள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் பழைய நூல்கள் திருத்தம் இன்றி மறுபதிப்பாகிக்கொண்டே இருக்கின்றன. தேடுவோர் முதலில் எடுத்துப் புரட்டுவதும் அவற்றையே.

ஆண்வழியை மட்டுமே குலம் என்று கருதும் பழக்கமும் இந்நூல்களுக்கு உண்டு. குடும்பப் பெயர் தொடரும் கிளை தழைக்கும். மகள் மணமாகிச் சென்றால் அக்கிளை ஒரு புள்ளியோடு முடியும். பிரெஞ்சுப் புரட்சிக்காலச் சட்டம் இவர்களைக் காட்டிலும் தாராள நெஞ்சம் உடையது. சமயத்தின் பொருட்டு நாட்டைவிட்டுச் சென்ற பிரெஞ்சு ஆணின் வழிவந்தோரும் பெண்ணின் வழிவந்தோரும், எத்தனை தலைமுறை கடந்திருப்பினும், திரும்பி வந்து உறுதிமொழி கூறினால் பிரெஞ்சுக் குடிகளே என்று 1790 டிசம்பரில் அச்சட்டம் அறிவித்தது. 1945 வரை அவ்வுரிமை நிலைத்திருந்தது.

அக்காலத்து அறவுணர்வு அவ்வளவுதான் என்றவர்க்கு இன்னும் ஒரு விடை பாக்கியிருக்கிறது. அவ்விடை ஓர் ஆசிரியர். அந்தோணி பெனசெட் 1713-இல் வடக்குப் பிரான்சின் சான் காந்தான் நகரத்தில் ஹியூகனோக் குடும்பத்தில் பிறந்தார். 1715-இல் தந்தையின் சொத்து பறிமுதலாக, குடும்பம் ரோட்டர்டாம் சென்று, பின் இலண்டனில் வாழ்ந்து, 1731-இல் பிலடெல்பியா சேர்ந்தது. மானிகோக்களும் லாரன்சுகளும் சுமந்து வந்த அதே துயரம், அதே கடல். பெனசெட் குவேக்கர் சபையில் சேர்ந்து பள்ளியாசிரியரானார். 1750 முதல் பகலில் பள்ளி நடத்திவிட்டு, மாலையில் தம் வீட்டிலேயே கறுப்பினச் சிறுவர்க்கு எழுத்தறிவித்தார். வெள்ளையரைவிட அவர்கள் அறிவில் குறைந்தவர் என்று யாரேனும் கூறினால், இருவர்க்கும் பாடம் சொல்லிக் கண்ட அனுபவத்தைக் கொண்டு மறுத்தார். 1770-இல் ஆப்பிரிக்கர் பள்ளி அவர் முயற்சியால் எழுந்தது. கினியா நாட்டைப் பற்றி அவர் 1771-இல் வெளியிட்ட நூலைப் படித்தே, இங்கிலாந்தில் தாமஸ் கிளார்க்சன் அடிமை வாணிகத்தை எதிர்க்கும் பணியில் இறங்கினார். அதே காலம், அதே ஹியூகனோக் குருதி. அறவுணர்வு எங்கிருந்து வந்தது?

பெனசெட் 1784-இல் மறைந்தார். அவருடைய சவ ஊர்வலத்தில் கறுப்பின மக்கள் நூற்றுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். அவருக்குப் பிறந்த குழந்தைகள் இருவரும் இளமையிலேயே இறந்துவிட்டமையால் அவர் வழி என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. கொடிவழி நூல்களில் அவர் பெயருக்குக் கீழே கோடு இழுக்க இடமில்லை. மனைவியின் காலத்திற்குப் பின் தம் சொத்து கறுப்பினச் சிறுவர் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஊதியம் தருவதற்குச் சேர வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார்.